ஐபிடிஜி விடுவதற்கு முன்னும் பின்னும்: புரதம் செய்யும் பாக்டீரியாவைக் கவனிக்க ஒரு வழிகாட்டி

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கத்துக் கல்லூரிகளில் எம்.எஸ்சி. புராஜெக்ட்டுக்காக முதன்முறை மறுசேர்க்கைப் புரதம் செய்ய வரும் பிள்ளைகள் எடுத்த எடுப்பில் கேட்பது, "எத்தனை மில்லிகிராம் கிடைக்கும்?" என்பதைத்தான். அதற்குப் பதில் சொல்ல வேண்டியது, அந்தப் புரதத்தைச் செய்துதரும் பாக்டீரியாவான ஈ.கோலை. அதனிடம் கேட்க வழியும் இருக்கிறது. ஒரு ஷேக்கர், 600 நானோமீட்டரில் அளக்கும் ஒரு ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டர், கொஞ்சம் அகார் பிளேட்டுகள், புரதங்களை அளவுவாரியாகப் பிரித்துக்காட்டும் ஒரு ஜெல் செட். பெரும்பாலான கல்லூரி லேபுகளில் இவை உண்டு. இல்லாமல் போவது பொறுமைதான். ஐபிடிஜியை (புரதத் தயாரிப்பை முடுக்கிவிடும் வேதிப்பொருள்) விட்டுவிட்டு கேன்டீனுக்குப் போய், மாலையில் வந்து பெல்லட் (சுழற்றி அடியில் இறக்கிய செல் கட்டி) எடுப்பவருக்கு இடைப்பட்ட நேரத்தில் செல் என்ன பாடு பட்டது என்பது தெரியவே தெரியாது.

செல்லுக்குள் நடப்பது

எல்.பி. என்ற ஊட்டக் கரைசலில் (மீடியம்), 37 டிகிரி செல்சியஸில், ஈ.கோலை சுமார் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகும். அந்த வேகத்துக்குக் காரணம் செல்லுக்குள் இருந்து புரதம் கோர்க்கும் பல்லாயிரம் ரைபோசோம்கள். அவற்றில் பெரும்பங்கு, புதிய ரைபோசோம்களுக்கான புரதங்களையும் வளர்ச்சிக்கு வேண்டிய நொதிகளையும் செய்துகொண்டே இருக்கும். நம் ஜீனை வைத்த பெட் வகைப் பிளாஸ்மிட்டை (தனியாக இருக்கும் சிறு டி.என்.ஏ. வளையம்) செல்லில் ஏற்றி ஐபிடிஜி விட்டதும் டி7 ஆர்.என்.ஏ. பாலிமரேஸ் கிளம்புகிறது. செல்லின் சொந்தப் பாலிமரேஸைவிட அது பல மடங்கு வேகமாக எம்.ஆர்.என்.ஏ. (ரைபோசோம் படிக்கும் ஜீனின் நகல்) எழுதித் தள்ளும். ரைபோசோம்கள் நம் எம்.ஆர்.என்.ஏ.வில் ஏறிக்கொள்ள, செல்லின் சொந்த வேலை பின்தங்கும். நன்றாக வரும் புரதமென்றால் சில மணி நேரத்தில் செல்லின் மொத்தப் புரதத்தில் பாதிவரைகூட அதுவே ஆகிவிடும். அந்தப் புரதத்தால் செல்லுக்குக் காலணா பயனில்லை.

ஆற்றல் செலவும் சின்னதில்லை. ஓர் அமினோ அமிலத்தைச் சங்கிலியில் சேர்க்க ஏறத்தாழ நான்கு உயர் ஆற்றல் பாஸ்பேட் பிணைப்புகள் செலவாகும்: அமினோ அமிலத்தைச் சுமந்துவரும் டி.ஆர்.என்.ஏ.வில் ஏற்ற இரண்டு, ரைபோசோமில் கோர்க்க இரண்டு. 300 அமினோ அமிலம் கொண்ட புரதத்தில் ஒரே ஒரு மூலக்கூறுக்கு 1,200. ஆனாலும் ஆற்றலைவிட ரைபோசோம் நெருக்கடியைத்தான் நான் முதலில் வைப்பேன். உயிரியற்பியலாளர் டெரன்ஸ் ஹ்வாவின் குழுவினர் 2010-இல் காட்டியது இதுதான்: செல்லுக்குப் பயன்படாத புரதத்தின் பங்கு கூடக்கூட, வளர்ச்சி வேகம் ஏறக்குறைய நேர்கோட்டில் இறங்கும். அந்த நேர்கோட்டை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், இனி வரும் எல்லாப் படிகளும் அதிலிருந்து வருபவை.

இதோடு இன்னும் இரண்டு தொல்லைகள். அமினோ அமிலம் ஏறாத வெறும் டி.ஆர்.என்.ஏ.க்கள் ரைபோசோமில் வந்து உட்கார்ந்தால் ரெல்-ஏ நொதி விழித்துக்கொண்டு பிபிஜிபிபி என்ற சிறு மூலக்கூறைச் செய்யும். அது புது ரைபோசோம் தயாரிப்பையே நிறுத்திவைக்கும் அபாயமணி. இரண்டாவது, மடிப்புச் சிக்கல். சங்கிலி வரும் வேகத்துக்கு மடித்துக்கொடுக்க ஆள் போதாமல் போனால், வெப்ப அதிர்ச்சிக்குக் கிளம்பும் அதே மடிப்பு உதவிப் படை (டி.என்.ஏ.கே., குரோ-இ.எல். முதலியவை) 30 டிகிரியிலும் கிளம்பும். அதற்கும் மிஞ்சியது கட்டிகட்டியாகத் திரண்டு செல்லின் முனைகளில் தங்கும். இன்குளூஷன் பாடி என்பது இதுதான்.

குலசேகரம், அருமனை பக்கத்திலிருந்து வரும் பிள்ளைகளுக்கு இதை நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. ரப்பர் மரத்தை ஒன்றுவிட்ட நாள் வெட்டினால் வருஷக்கணக்கில் பால் தரும். தினமும் வெட்டி, மருந்தும் பூசிப் பிழிந்தால் பட்டை காய்ந்து பால் நின்றுபோகும்.

படி 1: முதலில் சீக்வென்ஸ்

குளோனிங் தொடங்குவதற்கு முன்பே ஒருநாள் உட்கார்ந்து ஜீனைப் படியுங்கள். ஈ.கோலை அபூர்வமாகப் பயன்படுத்தும் கோடான்கள் (ஓர் அமினோ அமிலத்தைக் குறிக்கும் மூன்றெழுத்துகள்) எங்கே இருக்கின்றன என்று பாருங்கள். அர்ஜினினுக்கான ஏ.ஜி.ஜி., ஏ.ஜி.ஏ. இரண்டும், ஐசோலியூசினுக்கான ஏ.யு.ஏ.வும் முக்கியமானவை. இவை அடுத்தடுத்து வந்தால், அதுவும் ஜீனின் தொடக்கத்திலேயே வந்தால், ரைபோசோம்கள் அங்கே வரிசைகட்டி நின்றுவிடும். அந்த டி.ஆர்.என்.ஏ.க்களைக் கூடுதலாகச் செய்யும் ரொசெட்டா போன்ற ஸ்ட்ரெயினில் (ஈ.கோலை வகையில்) போடலாம், அல்லது கோடான்களை மாற்றி ஜீனைச் செயற்கையாகவே வாங்கலாம்.

பிறகு சிஸ்டீனை எண்ணுங்கள். நம் ஊர் ரப்பர் பாலிலேயே இருக்கும் ஹெவெயின் நல்ல உதாரணம். 43 அமினோ அமிலம் கொண்ட குட்டிப் புரதம், அதில் எட்டு சிஸ்டீன், நான்கு டைசல்ஃபைடு பிணைப்புகள். சாதாரண ஈ.கோலையின் சைட்டோபிளாசத்தில் அந்தப் பிணைப்புகள் சரியாக அமையாது. இப்படிப்பட்டவற்றைப் பெரிபிளாசத்துக்கு (செல்லின் இரண்டு சவ்வுகளுக்கு இடைப்பட்ட வெளி) அனுப்ப வேண்டும், அல்லது அந்தப் பிணைப்புகளைச் சைட்டோபிளாசத்திலேயே அமைக்கும் ஷஃபிள் போன்ற ஸ்ட்ரெயினைத் தேட வேண்டும். சவ்வுப் புரதமா, நொதியா, டி.என்.ஏ.வை வெட்டுமா என்பதையும் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். துளி கசிந்தாலே செல்லைக் கொல்லும் புரதங்கள் உண்டு.

படி 2: ஸ்ட்ரெயின்

பெரும்பாலும் பி.எல்.21 டி.இ.3 போதும். லோன், ஓம்ப்-டி என்ற இரண்டு புரோட்டியேஸ்கள் (புரதத்தை வெட்டும் நொதிகள்) அதில் இல்லை, அசிட்டேட்டும் கே-12 என்ற மற்ற ஈ.கோலை வகைகளைவிடக் குறைவாகவே விடும். ஐபிடிஜி இல்லாமலேயே புரதம் கசிந்தால் பி.லைஸ்-எஸ். பிளாஸ்மிட் உள்ள வகையை எடுங்கள். அதிலிருந்து வரும் டி7 லைசோசைம், பாலிமரேஸின் கையைக் கட்டிப்போடும். அதற்கு குளோரம்ஃபெனிகால் என்ற ஆன்டிபயாடிக்கைத் தனியாகச் சேர்க்க வேண்டும் என்பதை மறக்க வேண்டாம்.

சி41, சி43 என்ற இரண்டு ஸ்ட்ரெயின்களின் கதையைப் புதியவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். 1996-இல் புருனோ மிரூவும் ஜான் வாக்கரும், புரதச் சுமையில் மற்றவை செத்துக்கொண்டிருந்த கல்ச்சரிலிருந்து தப்பிப் பிழைத்த செல்களைப் பொறுக்கி எடுத்தார்கள். அவற்றில் சவ்வுப் புரதங்கள் முன்னைவிட நன்றாக வந்தன. அவை எதனால் தப்பின என்று பின்னால் ஆராய்ந்தபோது, டி7 பாலிமரேஸை நடத்தும் பிரோமோட்டரே (ஜீனை இயக்கும் டி.என்.ஏ. பகுதி) பலவீனமாகிப் போயிருந்தது தெரிந்தது. பாலிமரேஸ் குறைந்தது, எம்.ஆர்.என்.ஏ. வரும் வேகம் குறைந்தது, செல் பிழைத்தது, ஃபிளாஸ்க்கில் மொத்தப் புரதம் கூடியது. வரத்து குறையட்டும் என்று விட்டுக்கொடுத்துத்தான் அதிகம் வாங்கியிருக்கிறார்கள். ஐபிடிஜியை ஒரு மில்லிமோலாரிலிருந்து கீழே இறக்கத் தயங்கும் ஒவ்வொருவருக்கும் நான் இதைச் சொல்வதுண்டு.

படி 3: காலனி சொல்வது

டிரான்ஸ்ஃபர்மேஷன் (செல்லுக்குள் பிளாஸ்மிட்டை ஏற்றுவது) முடிந்த மறுநாள் பிளேட்டை எடுத்ததும் காலனியை எண்ணி மட்டும் வைத்துவிடாதீர்கள், அளவையும் பாருங்கள். காலிப் பிளாஸ்மிட் (நம் ஜீன் இல்லாதது) பிளேட்டோடு பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். ஜீன் உள்ளது பொடிப்பொடியாக வந்திருந்தால் ஐபிடிஜி இல்லாமலேயே கசிவு இருக்கிறது என்று அர்த்தம். ஒரே பிளேட்டில் பொடிக் காலனிகளுக்கு நடுவே ஒன்றிரண்டு மட்டும் கொழுத்து நின்றால், கண் அதன்மேல்தான் போகும், கையும் அதைத்தான் தொடும். தொடாதீர்கள். புரதம் செய்வதை எப்படியோ நிறுத்திக்கொண்ட செல்லாக அது இருக்க வாய்ப்பு அதிகம். ஒரு சதவீதம் குளுக்கோஸ் சேர்த்த பிளேட்டில் மறுபடி டிரான்ஸ்ஃபர்ம் செய்யுங்கள், கசிவு அடங்கும்.

படி 4: ஓவர்நைட் கல்ச்சர்

பிளாஸ்மிட் உள்ள செல்லை மட்டும் வாழவிடுவதற்காகச் சேர்க்கும் ஆம்பிசிலினில் ஒரு பொறி இருக்கிறது. பிளாஸ்மிட் உள்ள செல் செய்யும் பீட்டா-லாக்டமேஸ் வெளியே கசிந்து மீடியத்திலுள்ள ஆம்பிசிலினைத் தின்றுவிடும். பிறகு பிளாஸ்மிட்டைத் தொலைத்த செல்லுக்கும் கொண்டாட்டம்தான். அதற்குச் சுமை கிடையாது, எனவே அதுவே வேகமாகப் பெருகும். ராத்திரி முழுக்க 37 டிகிரியில் கொழுக்கவிட்ட கல்ச்சரை அப்படியே ஊற்றினால், நொதியும் சேர்ந்தே போகும். செல்லை சென்ட்ரிஃபியூஜில் இறக்கி, பழைய மீடியத்தைக் கொட்டிவிட்டு, புது மீடியத்தில் கலக்கிச் சேருங்கள். முடிந்தால் கானாமைசின் பிளாஸ்மிட்டைத் தேர்ந்தெடுங்கள் (மி.லி.க்கு 50 மைக்ரோகிராம்), அல்லது ஆம்பிசிலினுக்குப் பதில் கார்பெனிசிலின் போடுங்கள், அது எளிதில் சிதையாது. ஓவர்நைட் கல்ச்சரிலும் குளுக்கோஸ் இருக்கட்டும்.

படி 5: நான்கு ஃபிளாஸ்க், நான்கு பிளேட்

இந்தப் படியைத் தாண்டிக் குதிக்கத்தான் எல்லோருக்கும் ஆசை. குதித்தால் பின்னால் வரும் எதையும் விளங்கிக்கொள்ள முடியாது.

250 மி.லி. ஃபிளாஸ்க் நான்கு எடுத்து, ஒவ்வொன்றிலும் 50 மி.லி. எல்.பி. வையுங்கள். அதற்கு மேல் ஊற்றினால் காற்று போதாது. இரண்டில் காலிப் பிளாஸ்மிட் உள்ள செல், இரண்டில் உங்கள் ஜீன் உள்ள செல். எல்லாவற்றையும் ஓ.டி. (600 நானோமீட்டரில் அளக்கும் கலங்கல்) 0.05 அளவில் தொடங்கி, 0.6 வந்ததும் ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்றுக்கு மட்டும் ஐபிடிஜி விடுங்கள். ஒரு மோலார் ஸ்டாக்கிலிருந்து 50 மி.லி.க்கு 50 மைக்ரோலிட்டர் விட்டால் ஒரு மில்லிமோலார், 5 மைக்ரோலிட்டர் விட்டால் 0.1 மில்லிமோலார். பிறகு அரை மணிக்கு ஒருமுறை நான்கின் ஓ.டி.யையும் எடுங்கள். 0.8 தாண்டினால் நீர்க்கவைத்து அளந்து பெருக்கிக்கொள்ளுங்கள், அதற்குமேல் கருவி காட்டுவது நேர்க்கோட்டில் இருக்காது. ஒவ்வொரு முறையும் ஒரு மி.லி. எடுத்துப் பெல்லட்டாக ஃப்ரீசரில் போடுங்கள், ஜெல்லுக்கு வேண்டும்.

ஐபிடிஜி விடுவதற்குச் சற்றுமுன் உங்கள் ஜீன் ஃபிளாஸ்க்கிலிருந்து நான்கு பிளேட் போடுங்கள்: வெறும் எல்.பி., ஆன்டிபயாடிக் மட்டும், ஐபிடிஜி மட்டும், இரண்டும் சேர்ந்தது. முதல் இரண்டுக்குப் பத்து லட்சம் மடங்கு நீர்த்தது, பின்னிரண்டுக்குப் பத்தாயிரம் மடங்கு நீர்த்தது, ஒவ்வொன்றிலும் 100 மைக்ரோலிட்டர். முதல் இரண்டில் காலனி எண்ணிக்கை கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தால் பிளாஸ்மிட் பத்திரம். ஆன்டிபயாடிக் பிளேட்டில் பாதிதான் வந்திருந்தால் உங்கள் ஃபிளாஸ்க்கில் பாதிப்பேர் சும்மா இருக்கிறார்கள். ஐபிடிஜி மட்டும் உள்ளதில் வளர்பவை பிளாஸ்மிட்டைத் தொலைத்தவை அல்லது புரதம் செய்ய மறுப்பவை. இரண்டும் சேர்ந்த பிளேட்டில் வளர்வது, பிளாஸ்மிட்டை வைத்துக்கொண்டே புரதம் செய்யாமல் ஏமாற்றும் மியூட்டன்ட்கள். மொத்தச் செல்லில், ஐபிடிஜி மட்டும் உள்ளதில் இரண்டு சதவீதத்துக்கும், இரண்டும் சேர்ந்ததில் 0.01 சதவீதத்துக்கும் கீழே இருந்தால் கவலையில்லை. செல்லுக்குப் பெரிய தொல்லை தராத புரதமென்றால் ஐபிடிஜி பிளேட்டிலும் சின்னச் சின்னதாக நிறைய வளரலாம், அதைக் கண்டு பயப்பட வேண்டாம்.

படி 6: கோட்டைப் படித்தல்

நான்கு கோடுகளையும் ஒரே தாளில், ஓ.டி.யை லாக் அளவில் வைத்து வரையுங்கள். எல்.பி.யில் ஓ.டி. 0.3 தாண்டியதுமே, எளிதில் தின்னக்கூடியது தீர்ந்து, வளர்ச்சி தானாகவே மெல்லக் குறையத் தொடங்கும். ஆகவே கோடு வளைந்ததா என்று பார்ப்பதில் அர்த்தமில்லை, பக்கத்துக் கோட்டைவிட எவ்வளவு வளைந்தது என்றுதான் பார்க்க வேண்டும்.

ஐபிடிஜி விடாத இரண்டு கோடுகளை முதலில் ஒப்பிடுங்கள். ஜீன் உள்ளது பின்தங்கினால் கசிவு. படி 2-க்குத் திரும்புங்கள்.

அடுத்து காலிப் பிளாஸ்மிட்டின் இரண்டு கோடுகள். ஐபிடிஜி விட்டது கொஞ்சம் பின்தங்கலாம், ஏனெனில் டி7 பாலிமரேஸைச் செய்வதும் அதை ஓடவிடுவதுமே ஒரு சுமைதான். அந்த அளவை உங்கள் புரதத்தின் தலையில் கட்டக்கூடாது.

இனி முக்கியமான கோடு, ஜீனும் ஐபிடிஜியும் உள்ளது. ஒரு மணி நேரத்தில் சாய்வு குறைந்து, ஆனால் ஏறிக்கொண்டே இருந்தால் நல்ல அடையாளம்: செல் சுமையைத் தூக்கிக்கொண்டு நடக்கிறது. அரை மணியிலேயே தரையாகப் படுத்துவிட்டால் சுமை அதிகம், ஐபிடிஜியையும் வெப்பத்தையும் குறைக்க வேண்டும். ஓ.டி. இறங்கினால் செல் உடைகிறது. மீடியம் நூல்நூலாக, பிசுபிசுப்பாக இருக்கும், அது வெளியே வந்த டி.என்.ஏ. புரதம் நச்சாக இருக்கிறது, அல்லது சவ்வைக் கெடுக்கிறது.

புதியவர்களை அதிகம் ஏமாற்றுவது வேறொரு கோடு. இரண்டு மூன்று மணி நேரம் படுத்துக் கிடந்துவிட்டு, பிறகு விறுவிறுவென்று ஏறும். "செல் தேறிவிட்டது சார்" என்று சந்தோஷமாக வருவார்கள். தேறியது அந்தச் செல்கள் இல்லை. பிளாஸ்மிட்டைத் தொலைத்தவையும் மியூட்டன்ட்களும் ஃபிளாஸ்க்கைப் பிடித்துக்கொண்டன. பெல்லட் பெரிதாக இருக்கும், ஜெல்லில் பேண்டு (நம் புரதத்தின் பட்டை) மெலிந்திருக்கும். அந்த ஏற்றம் தொடங்குவதற்கு முன்பே அறுவடை செய்திருக்க வேண்டும்.

ஓ.டி.யும் முழு உண்மை சொல்லாது. சுமையில் தவிக்கும் செல் சில சமயம் பிரியாமல் நீண்டுகொண்டே போகும், இன்குளூஷன் பாடிகளும் ஒளியைச் சிதறடிக்கும். எண்ணிக்கை கூடாமலே ஓ.டி. கூடியதுபோலத் தெரியும். ஒரு சொட்டை ஸ்லைடில் பூசி, கிரிஸ்டல் வயலெட் போட்டு, ஆயில் இம்மெர்ஷனில் பாருங்கள். புழுப்போல நீண்ட செல்கள் தெரிந்தால் நோட்டில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

படி 7: சுமையை இறக்குதல், நம் ஊர் வெயிலில்

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். முதலில் வெப்பம், பிறகு ஐபிடிஜி, பிறகு நேரம்.

18 டிகிரியில் ஓவர்நைட் விடச் சொல்லும் புரோட்டோகால்கள் நிறைய. குளிரில் சங்கிலி மெதுவாக வருவதால் மடிவதற்கு அவகாசம் கிடைக்கும், கரையும் புரதம் கூடும். ஆனால் நாகர்கோவிலில் 18 டிகிரி எங்கே கிடைக்கும்? மார்கழி விடியலிலும் கிடைக்காது. கூலிங் இல்லாத ஷேக்கர் இன்குபேட்டர், அறையைவிடச் சுமார் 5 டிகிரி மேலேதான் நிலையாக நிற்கும். அறை 30 டிகிரியில் இருக்க, டயலில் 25 என்று திருப்பிவைத்து என்ன பயன்? வெளிநாட்டுப் புரோட்டோகாலில் "அறை வெப்பம்" என்று வந்தால் அது 20 முதல் 25 டிகிரி என்று எடுத்துக்கொள்ளுங்கள், நம் அறையை நினைக்காதீர்கள். ஃபிளாஸ்க்குக்குள் தெர்மாமீட்டர் வைத்து அளந்த எண்ணை மட்டும் எழுதுங்கள்.

கூலிங் ஷேக்கர் இல்லையென்றால் திறந்த ஷேக்கரை ஏ.சி. அறையில் வைத்து 24, 25 டிகிரிக்குக் கொண்டுவரலாம். பெரும்பாலான புரதத்துக்கு 37-க்கும் 25-க்கும் உள்ள வித்தியாசமே நிறையச் செய்யும். அதுவும் முடியாதபோது 30 டிகிரி, 0.05 முதல் 0.1 மில்லிமோலார் ஐபிடிஜி, மூன்று மணி நேரம் என்று தொடங்குங்கள். எப்படியானாலும் ஐபிடிஜி விடுவதற்கு முன்பே கல்ச்சரைக் குளிர்வித்து, அந்த வெப்பத்தில் கால் மணியாவது ஓடவிட வேண்டும். சூடான கல்ச்சரில் விட்டுவிட்டுப் பிறகு குளிர்வித்தால், முதல் அவசரத்தில் வந்த புரதம் ஏற்கெனவே கட்டியாகியிருக்கும்.

ஐபிடிஜியே வேண்டாம் என்றால் ஆட்டோ-இன்டக்‌ஷன் இருக்கிறது. வில்லியம் ஸ்டடியர் 2005-இல் வெளியிட்ட முறை: 0.05 சதவீதம் குளுக்கோஸ், 0.5 சதவீதம் கிளிசரால், 0.2 சதவீதம் லாக்டோஸ். குளுக்கோஸ் தீரும்வரை செல் கசிவில்லாமல் வளரும், பிறகு தானாகவே லாக்டோஸுக்கு மாறிப் புரதத்தைத் தொடங்கும். காற்று நன்றாக வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை.

காற்று என்றதும் கரண்ட். ஆனியிலும் ஐப்பசியிலும் மழைக்காற்று வந்தால் மின்சாரம் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. ஆரல்வாய்மொழியில் காற்றாலை சுழலும், இங்கே ஷேக்கர் நிற்கும். ஓ.டி. 1-இல் இருக்கும் கல்ச்சர், ஆட்டம் நின்ற ஓரிரு நிமிடத்தில் கரைந்த ஆக்சிஜனைத் தீர்த்துவிடும். பிறகு அசிட்டேட் போன்ற அமிலங்களைக் கொட்டும், பி.எச். இறங்கும், ஏற்கெனவே சுமையில் இருக்கும் செல் இன்னும் சுருளும். "மக்கா, கரண்ட் போயாச்சு, கல்ச்சரை ஐஸ்ல வை" என்று லேப் அண்ணன் குரல் கொடுத்தால் யோசிக்காமல் செய்யுங்கள். இன்டக்‌ஷனுக்கு முன்பென்றால் மறுபடி ஓடவிட்டு, ஓ.டி. ஏறுவதை உறுதிசெய்த பிறகே ஐபிடிஜி. இன்டக்‌ஷனுக்குப் பிறகென்றால் அப்போதே அறுவடை செய்யுங்கள், அந்த ஃபிளாஸ்க்கை மற்றவற்றோடு ஒப்பிடாதீர்கள்.

படி 8: ஜெல்

எல்லா மாதிரியிலும் ஒரே கொள்ளளவை ஏற்றுவது பரவலான பழக்கம், பலனில்லாத பழக்கமும்கூட. ஓ.டி. 1-இல் உள்ள கல்ச்சரும் 4-இல் உள்ள கல்ச்சரும் ஒரே அளவு ஏற்றினால் நீங்கள் பார்ப்பது செல் எண்ணிக்கையைத்தான். ஓ.டி. 1-ஆக இருந்தால் ஒரு மி.லி., 2-ஆக இருந்தால் அரை மி.லி., 4-ஆக இருந்தால் கால் மி.லி. என்று எடுத்துப் பெல்லட்டாக்கி, 100 மைக்ரோலிட்டர் சாம்பிள் பஃபரில் கொதிக்கவைத்து, 10 மைக்ரோலிட்டர் ஏற்றுங்கள். பேண்டின் அடர்த்தி ஒரு செல்லின் கணக்கு. அதை இறுதி ஓ.டி.யால் பெருக்கினால்தான் ஃபிளாஸ்க்கின் கணக்கு. கொழுத்த பேண்டோடு ஓ.டி. 1.2-இல் நின்ற கல்ச்சரைவிட, நடுத்தரப் பேண்டோடு 4 வரை போனது பெரும்பாலும் அதிகம் தரும்.

சோனிகேட் செய்து (ஒலி அதிர்வால் செல்லை உடைத்து), சுழற்றி, மேல் நீரையும் அடிப் பெல்லட்டையும் தனித்தனியாக ஓட்டுங்கள். எல்லாம் பெல்லட்டில் இருந்தால் இன்குளூஷன் பாடி. அதைத் தோல்வி என்று ஒதுக்க வேண்டியதில்லை, யூரியாவில் கரைத்து மறுபடி மடிக்க முடிந்த புரதங்கள் உண்டு. 1978-இல் ஈ.கோலையில் செய்து 1982-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மனித இன்சுலினும், செல்லுக்குள் இயல்பாக மடிந்து வந்ததில்லை, வெளியே எடுத்துத்தான் சங்கிலிகளை இணைத்தார்கள்.

படி 9: மிச்சத்தை அழித்தல்

நல்ல கோடும் நல்ல பேண்டும் தந்த செல்லை, ஐபிடிஜி காணாத கல்ச்சரிலிருந்து எடுத்து, 15 முதல் 20 சதவீதம் கிளிசராலில் மைனஸ் 80-இல் வையுங்கள். பிளாஸ்மிட்டையும் தனியாகப் பிரித்து மைனஸ் 20-இல் வையுங்கள். நீண்ட மின்வெட்டில் செல் போனாலும் டி.என்.ஏ. தாங்கும்.

மற்றதெல்லாம் அழியத்தான் வேண்டும். மரபணு மாற்றிய உயிரிகளைக் கையாள 1989-ஆம் ஆண்டு விதிகள் உண்டு. வேலை தொடங்குமுன் உங்கள் நிறுவனத்தின் உயிரிப் பாதுகாப்புக் குழுவுக்குத் தகவல் போயிருக்க வேண்டும், வழிகாட்டியிடம் கேட்டு உறுதிசெய்யுங்கள். கல்ச்சர், பிளேட், கழுவிய மீடியம் எதையும் சிங்க்கில் கொட்டாதீர்கள், நாகர்கோவில் சாக்கடை பழையாற்றுக்குப் போகிறது, பழையாறு மணக்குடியில் கடலுக்கு. 121 டிகிரி, 15 பவுண்டு அழுத்தம், குறைந்தது 20 நிமிடம் ஆட்டோகிளேவ். ஃபிளாஸ்க் நிறைய இருந்தால் நேரத்தைக் கூட்டி, இண்டிகேட்டர் டேப்பில் கோடு கறுத்திருப்பதைப் பார்த்த பிறகு வெளியே எடுங்கள்.